ஏழு மணிக்கு மேல் கூப்பிடுங்கள்

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே வேலை. போனை எடுக்க வேண்டும், எங்களிடம் படித்துவிட்டுப் போனவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும், "வேலை கிடைச்சிடுச்சா?" என்று கேட்க வேண்டும். கிடைத்தது என்றால் ஒரு கட்டத்தில் டிக், இல்லை என்றால் இன்னொரு கட்டத்தில் டிக். இவ்வளவுதான். இதற்குப் போய் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறியது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். என் வீட்டுக்காரர் நம்பினார். அந்த வாரம் வீட்டில் யார்மேல் எரிந்து விழுவது என்று நான் யோசிக்கவே இல்லை, அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்.

சிங்கப்பூரில், தேக்காவில் ஒரு காய்கறிக் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது எங்கள் பயிற்சி நிலையம். படியேறும்போதே கறிவேப்பிலை வாசமும் பக்கத்துக் கடைச் சாம்பிராணியும் கலந்து கூடவே வரும். நாற்பதைத் தாண்டியபிறகு வேலை போனவர்களுக்கு அங்கே மாலை வகுப்பு. வகுப்பு என்றால் கரும்பலகை, பாடம் என்று ஒன்றும் கிடையாது. கணினியில் ஒரு செயலி. இதுவரை என்னென்ன வேலை பார்த்தீர்கள் என்று அதில் போட்டால், உங்களிடம் இன்னின்ன திறமை இருக்கிறது, அதற்கு இந்த வேலைகள் பொருந்தும் என்று காட்டும். விண்ணப்பம் எழுத உதவும். நேர்முகத்துக்கு ஒத்திகைகூட நடத்தும். எல்லாம் ஆங்கிலம். பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் விளக்கி, ஊக்கி, சில சமயம் அதட்டி, அவர்களை அந்தச் செயலிக்குள் கைப்பிடித்து அழைத்துப் போவது என் வேலை.

நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள்தான். ஜூரோங்கில் ஒரு சரக்குக் கம்பெனி அலுவலகத்தில் பல வருடம் இருந்தேன். ஒரு நாள் எங்கள் பிரிவையே மூடிவிட்டு, நன்றி சொல்லி, கையில் ஒரு கடித உறையைத் திணித்து அனுப்பினார்கள். அதன்பிறகு இந்த வகுப்பில் சேர்ந்து, முடித்து, இங்கேயே ஒப்பந்தத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அதனால் வகுப்பு என்றால் எனக்குச் சம்பளம் மட்டும் இல்லை. வேலை போன மனுஷன் பகலில் வீட்டில் உட்கார்ந்திருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டால், அது சாத்துகிறவரை நாம் வெளியே போகமாட்டோம்.

வகுப்புக்கு நிதி கொடுக்கிற அமைப்புக்கு ஒரே கேள்வி. இந்தச் செயலியும் வகுப்பும் சேர்ந்து உண்மையிலேயே பயன் தருகிறதா? அதை எப்படி அளப்பது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். படித்து முடித்து ஆறு மாதம் ஆனவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள், பாதிப் பேருக்காவது வேலை கிடைத்திருந்தால் வகுப்பு தொடரும். இல்லையென்றால் மாலை வகுப்பு கிடையாது. இனிமேல் வருகிறவர்களுக்குச் செயலியின் இணைப்பைப் போனுக்கு அனுப்புவோம், அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். வெள்ளிக்கிழமை கூட்டம், அதற்குள் முடிவு கையில் இருக்க வேண்டும்.

எனக்குக் கொஞ்சம்கூடப் பயம் இல்லை, முதலில். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். எல்லாரும் கெட்டிக்காரர்கள்.

ஆனால் திங்கட்கிழமை கூப்பிட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் இல்லை என்றார்கள். இல்லை என்று நேராகச் சொல்ல நம் ஆட்களுக்கு வருமா? "இன்னும் ஒண்ணும் சரியா அமையலம்மா" என்றார் ஒருவர். "பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார் இன்னொருவர். "ஏதோ ஓடுது" என்று ஒருவர். ஏதோ ஓடுகிறது என்றால் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது? ஓடுவது எதுவாம், பஸ்ஸா? பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்ப இன்னும் இல்லைன்னு போட்டுக்கவா, அண்ணே?" என்று கேட்டேன். "ஆமாம்மா, அப்படியே போட்டுக்க" என்றார், ஏதோ எனக்கு உபகாரம் செய்கிற குரலில்.

செவ்வாயும் அப்படியே போனது. எங்களிடம் படித்த, கேலாங்கில் இருக்கிற ஒரு அக்காவை அன்றைக்குத்தான் கூப்பிட்டேன். ஐம்பதைத் தாண்டியவர். ஜூரோங்கில் மின்னணுப் பொருள் செய்கிற தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்தவர், ஒரு பெரிய கூட்டத்தையே கட்டி மேய்த்தவர். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனது, அக்கா வீட்டுக்குப் போனார். வகுப்பில் முதல் நாள் அந்தச் செயலி அவரிடம், ஆட்களை நடத்தும் திறமையில் உங்களுக்கு நீங்களே எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்டது. அஞ்சுக்கு ரெண்டு போட்டார். எனக்கு வந்ததே கோபம். "அக்கா, நீங்க ரெண்டுன்னா நானெல்லாம் முட்டைதான்" என்றேன். "நம்மள நாமே புகழ்ந்துக்கிட்டா நல்லாவா இருக்கும்? பக்கத்துல அவரு வேற உக்காந்திருக்காரு" என்று அடுத்த நாற்காலியில் இருந்தவரைக் கண்ணால் காட்டினார். அந்த மனுஷன் தனக்கு ஒன்றரை கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார்.

அந்த வரிசை முழுக்க அப்படித்தான். நம்பி ஒரு ஐந்து நட்சத்திரம் போட வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில் ஒவ்வொருவராகத் தனியே உட்காரவைத்து, திரையை மற்றவர்கள் பார்க்காதபடி திருப்பி, போட வைத்தேன். அக்காவுக்கு நாலு. உடனே செயலி மருத்துவமனையில் நோயாளிகளைப் பதிவுசெய்து வழிகாட்டுகிற வேலையைக் காட்டியது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அந்த அக்காவுக்குக் கட்டாயம் கிடைத்திருக்கும் என்று நினைத்துத்தான் கூப்பிட்டேன். வெகுநேரம் மணி அடித்தபிறகு எடுத்தார். குரல் தணிந்திருந்தது. பின்னால் யாரோ எண்களைக் கூப்பிடுகிற சத்தம். "இன்னும் இல்லம்மா. ஏதாச்சும் வந்தா சொல்றேன்" என்று உடனே வைத்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவருக்கே இல்லையென்றால் வேறு யாருக்கு? அந்தச் செயலி சுத்த வேஸ்ட், நானும் வேஸ்ட் என்று தோன்றியது.

புதன்கிழமை எங்கள் மேலாளர் என் மேசைப் பக்கம் வந்து நின்றார். தமிழ் முஸ்லிம் குடும்பம், நாலு தலைமுறையாக இந்தப் பகுதியிலேயே வியாபாரம். இவர் ஒருவர்தான் வியாபாரத்தை விட்டு ஆட்களைப் படிக்கவைக்கிறேன் என்று இறங்கியவர். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. திரையைப் பார்த்தார். நான் மறைக்கவில்லை. பாதிக்கு ரொம்பக் கீழே இருந்தது.

"மிச்சம் இருக்கிறவங்க எல்லாரும் எஸ் சொன்னாலும் பத்தாதுல்ல?" என்று கேட்டார்.

"பத்தாது, சார்."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், அன்றைக்குத் தேநீர்கூட வேண்டாம் என்றுவிட்டார்.

வியாழக்கிழமை மதியம் சாப்பிடப் பிடிக்காமல் கீழே இறங்கினேன். பஃபலோ சாலையில் பூக்கடைகள் இருக்கிற பக்கமாக நடந்தேன். அங்கே ஒரு கடையில், மல்லிகைச் சரத்தை முழம்போட்டு வாங்கிக்கொண்டு நின்றார் கேலாங் அக்கா. மேலே ஒரு கம்பளிச் சட்டை. அந்த வெயிலில். அதற்குக் கீழே வெளிர்நீலச் சீருடையின் காலர். கழுத்தில் கயிறு, கயிற்றில் ஒரு அட்டை. என்னைப் பார்த்ததும் அந்த அட்டையை எடுத்துச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். சின்னப் பிள்ளை மிட்டாயை ஒளிப்பதுபோல் ஒளித்தார்.

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. கடைக்காரர் பார்க்கிறார், வழியில் போகிறவர்கள் பார்க்கிறார்கள், எதுவும் தோன்றவில்லை. எங்கே வேலை, எப்போதிருந்து, என்னிடம் ஏன் பொய் சொன்னீர்கள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அக்கா என் கையைப் பிடித்துப் பக்கத்துச் சந்துக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

மருத்துவமனையில்தான் வேலை, அந்தச் செயலி காட்டிய அதே வேலை. சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. தகுதிகாண் காலம் முடிய இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை யாரிடமும் மூச்சுவிடுவதாக இல்லை, சொந்தத் தங்கச்சியிடமே சொல்லவில்லையாம்.

"போன தடவை ஹோட்டல்ல கிடைச்சப்ப என்ன பண்ணேன்? ஆடிட்டேன். எங்க புளோக்ல மேல கீழ எல்லா வீட்டுக்கும் லட்டு குடுத்தேன். மாசம் முடியிறதுக்குள்ள வேணாம்னு அனுப்பிட்டாங்க. அப்புறம் லிஃப்ட்ல ஏறினா ஒவ்வொருத்தரும் என்னாச்சு என்னாச்சுன்னு. கூசிப் போச்சும்மா. படியிலயே இறங்கிப் போவேன், அத்தனை மாடியும். இந்த முட்டி வலி அதுல வந்ததுதான்."

நான் வகுப்பின் நிலைமையைச் சொன்னேன். நீங்கள் இல்லை என்று சொன்னதால் மட்டும் இல்லை, ஆனால் உங்களைப்போல ஆளாளுக்கு இல்லை என்றால் நாளைக்கு மூடிவிடுவார்கள், எனக்குப் பின்னால் வருகிறவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டேன். அக்காவின் முகம் வாடிவிட்டது. மல்லிகைச் சரத்தைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"நான் வேலையில இருக்கேன்னு போட்டா, அவங்க எங்க ஆபீசுக்குப் போன் பண்ணிக் கேப்பாங்களா?"

"கேக்கலாம், அக்கா. சரிபாப்பாங்க."

"அப்ப வேணாம்" என்றார். "இந்த அக்கா யாரு, எங்க படிச்சா, எதுக்கு இவளப் பத்தி விசாரிக்கிறாங்கன்னு எங்க சூப்பர்வைசர் நினைக்கும். கன்ஃபர்ம் ஆகட்டும். சிவன் கோயில்ல ஒரு அர்ச்சனை பண்ணிட்டு நானே வந்து சொல்றேன். அதுவரைக்கும் எதுலயும் போட்டுடாதம்மா. உன் கால்ல வேணா விழறேன்."

என்னைவிட மூத்தவர் அப்படிச் சொல்லலாமா? சரி அக்கா, போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, ஏன் சொன்னேன் என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன். அக்கா கூந்தலில் பூவை வைத்துக்கொண்டு, அட்டையை வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி உள்ளேயே விட்டுக்கொண்டு ரயிலுக்குப் போனார்.

மாடிக்கு ஏறும்போதுதான் புத்தியில் பட்டது. இந்த அக்கா ஒருவர் மட்டுமா இப்படி? நம் ஆட்களில் எவர் வேலை உறுதியாவதற்கு முன்னால் வாய் திறந்திருக்கிறார்கள்? வீடு வாங்கினால் சாவி கைக்கு வந்தபிறகுதான் சொல்வோம். பெண்ணுக்கு வரன் அமைந்தால் தட்டு மாற்றிய பிறகுதான். பிள்ளை உண்டானால் மூன்று மாதம் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. கண் பட்டுவிடும், வாயால் சொன்னால் நழுவிவிடும். இந்த லட்சணத்தில் யாரோ ஒருத்தி போனில் கூப்பிட்டு, வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்டால், இல்லை என்பதைத் தவிர வேறு என்ன சொல்வார்கள்? எங்கள் அளவுகோல் நன்றாக இருக்கிறவர்களை எல்லாம் தோற்றவர்கள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் உட்கார்ந்து மறுபடி எல்லாரையும் கூப்பிட்டேன். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இனிமேல் எங்களிடமிருந்து ஏதாவது தகவல் என்றால் எந்த நேரத்தில் கூப்பிட்டால் உங்களுக்குத் தோதுப்படும் என்று மட்டும் கேட்டேன். அவ்வளவுதான், கொட்டினார்கள். ஒருவர் ஏழு மணிக்கு மேல் கூப்பிடு, அதற்கு முன்னால் எடுக்க முடியாது என்றார். ஏதோ ஓடுகிறது என்றவர், பகலில் தூங்கிக்கொண்டிருப்பேன், ராத்திரி கிளம்புகிறதுக்கு முன்னால் கூப்பிடும்மா என்றார். ஒரு அம்மா, சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடாதே, அந்த நேரத்தில்தான் கூட்டம் அதிகம் என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். போனிலேயே அந்தச் சத்தம் கேட்டது. வேலை இல்லாத மனுஷனுக்குப் பகலில் எந்த நேரமாக இருந்தால் என்ன? எனக்குத் தெரியாதா? நான் வீட்டில் இருந்த காலத்தில் எந்த அழைப்பையும் முதல் மணியிலேயே எடுத்தவள்.

எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதினேன். பெயர் போடவில்லை. இந்தக் கணக்கில் பாதியைத் தாண்டி நன்றாகவே மேலே போனது. என் மேலாளரிடம் கொண்டுபோய்க் காட்டி, நடந்ததைச் சொன்னேன். அக்காவைப் பற்றியும் சொன்னேன், யாரென்று சொல்லவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க வீட்லயும் அப்படித்தான். என் தம்பி கடை எடுத்தது திறப்பு விழா அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்" என்று சொல்லிச் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

வெள்ளிக்கிழமை அவர் தொழுகை முடிந்து வந்ததும் கூட்டம். நிதி கொடுக்கிற அமைப்பிலிருந்து ஒரு பெண் வந்தாள், நம் தமிழ்ப் பெண்தான். சின்ன வயது, சுறுசுறுப்பு, கையில் மடிக்கணினி. மரியாதையாகத்தான் பேசினாள். முதலில் எங்கள் கட்டங்களைப் பார்த்தாள், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நான் என் பக்கத்தை எடுத்து நீட்டி, கேட்ட கேள்வியே நம் ஆட்களுக்குச் சரிப்படாது என்று விளக்கினேன். எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மேலாளர் மேசைக்கு அடியில் என் நாற்காலிக் காலை லேசாகத் தட்டினார்.

அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "உங்க பாயின்ட் புரியுது ஆன்ட்டி. ஆனா நோன்னா நோதானே லா. ஏழு மணிக்கு மேல கூப்பிடுங்கன்னு சொன்னதை வச்சு நான் எப்படி எஸ்னு போட முடியும்?" என்றாள்.

அந்த ஆன்ட்டியில் எனக்குச் சுருக்கென்றது, ஆனால் அது வேறு விஷயம். அவள் சொன்னதில் தப்பு இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். உறுதியாகத் தெரியாததைத் தெரியும் என்று எழுதிவிட்டால் நானும் என்ன பெரிய யோக்கியம்?

அவளே கொஞ்சம் யோசித்தாள். மடிக்கணினியைப் பாதி மூடினாள். "ஒரே ஒரு கேஸ் குடுங்க. நோ சொல்லிட்டு நிஜமா வேலை செய்யிறவங்க ஒருத்தர். நான் வெரிஃபை பண்றேன். உண்மைன்னா, நான் என் பாஸ்கிட்ட பேசி இன்னும் மூணு மாசம் டைம் வாங்கித் தர்றேன். ப்ராமிஸ்."

மேலாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு யாரென்று தெரியாது, ஆனால் எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். அக்காவின் எண் என் போனில் மேலேயே இருந்தது. ஒரு பெயர். ஒரே ஒரு அழைப்பு. ஒன்றும் ஆகாமலும் போகலாம், அந்த சூப்பர்வைசர் கண்டுகொள்ளாமலே இருக்கலாம். மூன்று மாதம் கிடைத்தால் வகுப்பு பிழைத்துக்கொள்ளும். அடுத்த வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். நானும்.

"சொல்லிடுங்க" என்றார் மேலாளர் மெதுவாக. "ஒரு பேருதானே."

அத்தனை மாடியும் படியில் இறங்கிப் போகிற அந்த அக்கா கண்முன்னால் வந்து நின்றார். வேறு யாரையாவது சொல்லலாமா என்று மனது ஓடியது. வேறு யாரைச் சொன்னாலும் அதே கதைதான்.

"சொல்றதுக்கு யாரும் இல்ல" என்றேன்.

அந்தப் பெண் நான் மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று ஒரு நிமிஷம் காத்திருந்தாள். பிறகு மடிக்கணினியைத் திறந்து ஏதோ தட்டினாள். நான் எழுதிய பக்கத்தை மட்டும் நிழற்படம் எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள். வகுப்பை மூடுகிற முடிவு சில நாளில் மின்னஞ்சலில் வந்தது. மேலாளர் அதை எனக்கு அனுப்பவில்லை, கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை, கழிவறைக்குள் போய் அழுது தீர்த்துவிட்டு வந்தேன்.

மேசை நாற்காலிகளை எடுத்துப்போக ஆள் வந்த அன்றைக்கு, அக்கா வந்தார். சீருடையில், கம்பளிச் சட்டை இல்லாமல், அட்டை வெளியே தொங்க. நெற்றியில் விபூதி. இரண்டு கையிலும் பெரிய லட்டுப் பெட்டி. மூச்சு வாங்கப் படியேறி வந்து, "கன்ஃபர்ம் ஆயிடுச்சும்மா" என்றார். அப்புறம்தான் அறையைப் பார்த்தார். நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன, கணினிகளின் வயர்கள் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தன.

எனக்கு அந்த நிமிஷம் அக்காமேல் வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. இரண்டு மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று வாய்வரை வந்துவிட்டது. அவர் பெட்டியைத் திறந்து ஒரு லட்டை எடுத்து என் வாயில் திணித்துவிட்டார். நல்லவேளை. நாற்காலி தூக்க வந்தவர்களுக்கும் கொடுத்தார், மேலாளருக்கும் கொடுத்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, "இப்பப் போட்டுக்கம்மா, இப்ப எங்க வேணாலும் போட்டுக்க" என்றார். கண்ணெல்லாம் தண்ணீர்.

அன்றைக்கே அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். நீங்கள் கேட்ட ஒரு கேஸ் இதோ, அவர் சம்மதத்தோடு, முதலாளி விவரத்தோடு, கொஞ்சம் தாமதம், மன்னிக்கவும் என்று. கடைசி வார்த்தையைக் கொஞ்சம் காட்டமாகத்தான் எழுதினேன். அவளிடமிருந்து பதில் வந்தது. இந்த வகுப்புக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றும், எழுதியதற்கு நன்றி என்றும், அந்த ஏழு மணிப் பக்கத்தைத் தன் மேலதிகாரியிடம் காட்டியிருப்பதாகவும் எழுதியிருந்தாள். சம்பிரதாயத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்து அதை மூடிவிட்டேன்.

பிறகு நானும் அந்த இணைப்பைத்தான் திறக்க வேண்டியிருந்தது. வகுப்பு போய்விட்டது, செயலி மட்டும் மிச்சம். பொங்கோலில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, எனக்கு நானே நட்சத்திரம் போட்டேன். பக்கத்தில் அதட்ட ஆள் இல்லாமல், முதலில் மூன்று போட்டேன். பிறகு என்னை நானே திட்டிக்கொண்டு நாலாக்கினேன். கொஞ்ச நாளில் எங்கள் பகுதியிலேயே முதியோர் பகல் பராமரிப்பு நிலையம் ஒன்றின் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. தகுதிகாண் காலம் ஆறு மாதம். வீட்டுக்காரருக்கும் பையனுக்கும் மட்டும் தெரியும். அவர்கள் இரண்டு பேரிடமும் வெளியே சொல்லாதீர்கள் என்று சத்தியம் வாங்காத குறை. தங்கச்சி போன் பண்ணிக் கேட்டபோது, பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

ஒரு நாள் வேலை நடுவில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. படிக்கட்டுப் பக்கம் போய் எடுத்தேன். ஒரு இளைஞன், நல்ல தமிழ். செயலியைப் பயன்படுத்தியவர்களைக் கூப்பிட்டுக் கேட்கிறோம், அதன் பயனை அளப்பதற்காக என்றான். வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்டான்.

"இன்னும் ஒண்ணும் சரியா அமையலப்பா" என்றேன்.

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. கழுத்தில் தொங்கிய அட்டையை ஒரு கை பிடித்துக்கொண்டிருந்தது, அதுவும் எனக்குத் தெரியவில்லை. அவன் சரி என்றான், தட்டுகிற சத்தம் கேட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். கடைசியாக ஒரே ஒரு கேள்வி என்றான்.

"இனிமே உங்களுக்குக் கூப்பிடணும்னா எந்த நேரம் தோதா இருக்கும்?"

"ஏழு மணிக்கு மேல கூப்பிடுப்பா, பகல்ல எடுக்க முடி..."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் மறுபடி தட்டுகிற சத்தம். இந்தக் கேள்வி எங்கே பிறந்தது என்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தேக்காவில் இப்போது வேறு யாரோ எடுத்துக்கொண்ட மாடியில், என் பழைய மேசையில் பிறந்த கேள்வி. எனக்குச் சந்தோஷம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது.

"தம்பி" என்றேன், படிக்கட்டில் யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே. "எதுலயும் போட்டுடாதப்பா."